மூன்று தோழிகள், ஒரு பத்திரம்

கேள்வி: எனக்கு 61 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக் காலத்திலிருந்து கூடவே இருக்கும் இரண்டு தோழிகளும் நானும் ஸ்ரீரங்கத்தில் 1.20 கோடிக்கு ஒரு தனி வீடு வாங்கி, கடைசிவரை சேர்ந்தே இருக்க நினைக்கிறோம். ஆளுக்கு 40 லட்சம். என்னிடம் 45 லட்சம் இருக்கிறது, பென்ஷனும் வருகிறது. ஒருத்தி என்னைப் போலவே கணவரை இழந்தவள், இரண்டு மகன்கள். இன்னொருத்தி திருமணம் செய்துகொள்ளவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன், “ஊர் என்ன சொல்லும்?” என்கிறான். ஃப்ளாட் வாங்க 15 லட்சமும் கேட்கிறான். என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஊர் என்ன சொல்லும் என்பதை உங்கள் மகனிடமே விட்டுவிடுவோம் அம்மா. பத்திரம் என்ன சொல்லும் என்று பார்ப்போம்.

முதலில் செலவு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 1.20 கோடிக்கு 10.80 லட்சம்; உங்கள் பங்கு 3.60 லட்சம். 45-இல் மிச்சம் 1.40 லட்சம். குடிபோன மாதமே மோட்டார் எரிந்தால் அதிலும் ஒரு பகுதி போச்சு.

செலவைக்கூடச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயம் வேறு இடத்தில். நீங்கள் தோழிகளோடு சேர்ந்து வாங்குகிறீர்கள். ஆனால் ஒருநாள் உங்களுக்குப் பங்காளியாக வரப்போகிறவர்கள் அவர்களுடைய வாரிசுகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஒரு தோழி இறந்தால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு இரண்டு மகன்களுக்குப் போகும். திருமணமாகாதவரின் பங்கு, பெற்றோர் இல்லையென்றால், உடன்பிறந்தவர்கள் பக்கம் போகும். அவர்கள் அந்தப் பங்கை வெளியாளுக்கு விற்கலாம், பாகப்பிரிவினை கேட்டு வழக்கும் போடலாம். 75 வயதில் கோர்ட்டுக்கு நடப்பது நீங்கள்தான். உங்கள் மகன் தோழிகளுக்கு இதையே செய்ய மாட்டார் என்று அவர்களிடம் அடித்துச் சொல்ல முடியுமா?

மூவரும் உயில் எழுதலாம்: மற்ற இருவரும் உயிரோடு இருக்கும்வரை வீட்டில் குடியிருக்கும் உரிமை அவர்களுக்கு, அதன் பிறகு பங்கு என் வாரிசுகளுக்கு என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயிலை எழுதியவர் யாரிடமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளைகள் அழுதால் மாறாத அம்மா எத்தனை பேர்? அப்புறம், நடுவில் ஒருவர் விலக நினைத்தாலும் சிக்கல்தான். குடும்பத்துக்குள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு உள்ள கட்டணச் சலுகை தோழிகளுக்குக் கிடையாது. முப்பது, நாற்பது வருடப் பழக்கத்தைச் சட்டம் உறவாக எண்ணுவதில்லை.

அதனால் வாங்காதீர்கள், வாடகைக்குப் போங்கள். 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி மாறாது. வருமான வரிக் கணக்கில் மட்டும் காட்ட வேண்டும். வாடகை 18,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பங்கு 6,000. மாதத்துக்கு 20,500 வட்டி வருகிற இடத்தில் இது பெரிய தொகை இல்லை. ஒரே சமையலறையில் மூன்று தலைமையாசிரியைகள் எப்படி என்பதும் ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்! ஒத்துப்போனால், அதற்குப் பிறகும் சொந்தமாகத்தான் வேண்டும் என்றால், ஒரே குடியிருப்பில் தனித்தனிப் பத்திரத்தில் சின்னச் சின்ன ஃப்ளாட்டாகப் பாருங்கள்.

மகனுக்கு 15 லட்சம் இப்போது வேண்டாம். அவருக்கு வங்கி வீட்டுக் கடன் தரும். உங்கள் முதுமைக்கு எந்த வங்கியும் கடன் தராது. மீதி 15 லட்சத்தில் 5 லட்சத்தை மருத்துவச் செலவுக்கென்று வங்கி டெபாசிட்டில் தனியாக வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் மூவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் பேரனைப் பார்க்க ஆறு மாதம் வெளியூர் போகும்போது வீட்டுக்காரர் மற்ற இருவரையும் விருந்தாளி என்பார்.