அட்டையில் தெரியும் வானம் மாடியில் ஏன் தெரியவில்லை? சுழல் நட்சத்திர அட்டை: கேள்வி பதில்

பிளானிஸ்பியர் எனப்படும் சுழல் நட்சத்திர அட்டைக்கு இரண்டே பாகங்கள். அடியில் நட்சத்திரங்கள் அச்சிட்ட வட்டத் தட்டு, அதன் விளிம்பில் வருடத்தின் எல்லாத் தேதிகளும் இருக்கும். மேலே ஜன்னல் வெட்டிய மூடி, அதன் விளிம்பில் மணிகள். இன்றைய தேதியை இப்போதைய மணிக்கு நேராகத் திருப்பினால், இந்த நேரத்து வானம் ஜன்னலில் வந்து நிற்கும். இவ்வளவு எளிய பொருளை வைத்துக்கொண்டு பலரும் திணறுகிறார்கள். பெரும்பாலும் தவறு அவர்களுடையது அல்ல.

சேலம்: ஆன்லைனில் வாங்கிய அட்டையை நவம்பர் இரவு 8 மணிக்கு வைத்தேன். வடக்கே சப்தரிஷி மண்டலம் இருப்பதாகக் காட்டுகிறது. வானத்தில் ஒன்றுமே இல்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன், சார்?

எங்கும் தப்பு செய்யவில்லை. அட்டைதான் வேறு ஊருக்கானது. ஜன்னலின் வடிவம் அட்சரேகையைப் பொறுத்தது. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 40 முதல் 50 பாகை வடக்கே இருக்கும் ஐரோப்பிய, அமெரிக்க ஊர்களுக்கானவை. அங்கே சப்தரிஷி அநேகமாக மறைவதே இல்லை. நமக்கு நவம்பர் மாலையில் அது அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. மார்ச் நடுவில்தான் இரவு 8 மணி வாக்கில் ஏழு நட்சத்திரங்களும் மேலே வந்து முடிகின்றன.

பெட்டியில் அட்சரேகை போடாவிட்டாலும் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். தட்டை மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சப்தரிஷியின் ஏழில் ஒன்றுகூட எப்போதும் மூடிக்குள் போகவில்லை என்றால் அது 41 பாகைக்கு மேற்பட்ட ஊருக்கானது. நம் பக்கத்து அட்டை என்றால் ஏழும் சேர்ந்து சில மணி நேரம் காணாமல் போக வேண்டும். அடுத்து, அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) ஜன்னலுக்குள் வருகிறதா என்று பாருங்கள். 40 பாகை அட்டையில் அது வராது. சென்னையிலோ தெற்கே 24 பாகை உயரம் வரை ஏறுகிறது.

வாங்கும்போது 10 அல்லது 15 பாகை வடக்கு என்று கேளுங்கள். சென்னை 13, மதுரை 10, கன்னியாகுமரி 8. இரண்டு மூன்று பாகை வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். கையில் இருக்கும் 40 பாகை அட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதில் தட்டு சரி, மூடிதான் தவறு. தலைக்கு மேலுள்ள வானத்துக்கு அது உதவும், வடக்கு, தெற்கு ஓரங்களை மட்டும் நம்பாதீர்கள்.

திருச்சி: இரண்டு பக்கமும் அச்சிட்ட அட்டை இரண்டு மடங்கு விலை. ஒரு பக்கம் போதாதா?

நமக்குப் போதாது. ஒற்றைப் பக்க அட்டையின் நடுவில் வான வடதுருவம், அதாவது வடவானம் சுழலும் மையப் புள்ளி, இருக்கும். அங்கிருந்து தெற்கே போகப் போகப் படம் பக்கவாட்டில் இழுபடும். வழக்கமான வரைமுறையில் வான நடுக்கோட்டில் ஒன்றரை மடங்கு, விருச்சிகம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, தென்சிலுவை இருக்கும் இடத்தில் ஐந்து மடங்கு. சிலுவை நசுங்கிய தோசை மாதிரி கிடக்கும். லண்டன்காரருக்கு அந்தப் பகுதி தெரியவே தெரியாது, அதனால் அவருக்கு இது பிரச்சினை இல்லை. நாம் தென்வானத்தில் முக்கால்வாசிக்கு மேல் பார்க்கிறோம். ஆகவே ஒரு பக்கம் வடக்கு, மறுபக்கம் தெற்கு என்று இருப்பதே வசதி. வடக்கே பார்த்து நின்றால் வடக்குப் பக்கம், திரும்பி நின்றால் அட்டையையும் திருப்ப வேண்டும்.

தஞ்சாவூர்: அக்கா மகள் ஆறாம் வகுப்பு. "அட்டையில் கிழக்கும் மேற்கும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள்" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

கெட்டிக்காரப் பெண். ஆனால் அச்சு சரிதான். தரைப்படத்தை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், வானப்படத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். அவளை மொட்டை மாடியில் வடக்கே பார்த்து நிற்கச் சொல்லி, அட்டையைத் தலைக்கு மேல் முகம் கீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வடக்கு என்று எழுதிய ஓரம் வடக்கே இருக்கட்டும். இப்போது கிழக்கு கிழக்கில் இருக்கும்.

எப்போதும் தலைக்கு மேல் பிடித்தால் கை வலிக்கும். எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோமோ அந்தத் திசை எழுதிய ஓரம் நெஞ்சை நோக்கிக் கீழே வரும்படி முழு அட்டையையும் திருப்பிப் பிடித்தால் போதும். திருப்பும்போது மூடியும் தட்டும் ஒன்றுக்கொன்று நழுவாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தேதி இரண்டு வாரம் நகர்ந்தால் வானம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும்.

கோவை: அட்டையில் உச்சிக்கு வந்துவிட்ட நட்சத்திரம் வானத்தில் கொஞ்சம் கிழக்கே நிற்கிறது. தினமும் அப்படியே.

உங்கள் கடிகாரம் கோவையின் நேரத்தைக் காட்டவில்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கானது. அட்டை கேட்பது உங்கள் ஊரின் சொந்த நேரத்தை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோவை சுமார் 77 பாகை, வித்தியாசம் 5.5, ஆக 22 நிமிடம். இரவு 8 மணிக்குப் பார்க்கும்போது தேதியை 7.38க்கு நேராக வையுங்கள். மதுரைக்கு 17 நிமிடமும் சென்னைக்கு 9 நிமிடமும் கழிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 10, இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே.

உண்மையைச் சொன்னால், 22 நிமிடம் என்பது வானத்தில் அரை முஷ்டி அகலம். ஓரியன் (வேட்டைக்காரன்) மண்டலத்தைக் கண்டுபிடிக்க இந்தத் திருத்தம் தேவையே இல்லை. எது எப்போது உதிக்கும் என்று பார்க்கும்போதுதான் உறுத்தும்.

சிங்கப்பூர்: எங்களுக்கும் இதே கணக்கா?

கணக்கு இதே, விடை பெரிது. உங்கள் கடிகாரம் 120 பாகைக்கானது, ஊர் இருப்பது 103.8இல். 65 நிமிடம் கழிக்க வேண்டும், அதை விட்டுவிட முடியாது. கோலாலம்பூருக்கு 73. அட்டையும் நிலநடுக்கோட்டுக்கானதாக இருக்கட்டும். துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள், அது உங்களுக்கு அடிவான மங்கலில் புதைந்திருக்கும்.

விழுப்புரம்: எல்லாம் சரியாக வைத்தும் ஓரியனைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. ஏன் அண்ணா?

சின்னதாகத் தேடியிருப்பீர்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் நடப்பது இது. 20 சென்டிமீட்டர் அட்டையில் வானத்தின் ஒரு பாகை அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஓரியனின் தோளான திருவாதிரையிலிருந்து எதிர்க்காலான ரைஜல் வரை அட்டையில் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும். வானத்தில் அதே தூரம் கையை நீட்டிப் பிடித்த முஷ்டி கிட்டத்தட்ட இரண்டு. முஷ்டி ஒன்று 10 பாகை, சுண்டுவிரல் அகலம் 1 பாகை. அளந்து பழகுங்கள்.

இன்னொன்று, ஜன்னலின் நடுப்புள்ளி உங்கள் தலை உச்சி அல்ல. துருவத்திலிருந்து தெற்கே போகும் கோட்டில், வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே உங்கள் அட்சரேகைக்குச் சமமான பாகை தள்ளி ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள் (விழுப்புரத்துக்கு 12). அதுதான் உச்சி. அந்தப் புள்ளி இல்லாத அட்டை பாதி அட்டை.

அட்டையில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் நகரத்தில் தேடாதீர்கள். பெரிய புள்ளிகளை மட்டும் முதலில் பிடியுங்கள். ஜன்னல் ஓரத்தில் ஒட்டியிருப்பவை அடிவானத்தில் இருப்பவை, அவற்றைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும்.

நாகர்கோவில்: அட்டையில் இல்லாத ஒரு பெரிய நட்சத்திரம் தெரிகிறது. அட்டை பழசா?

கோள். கோள்கள் இடம் மாறுவதால் எந்தச் சுழல் அட்டையிலும் அவற்றை அச்சிட முடியாது. அட்டையில் புள்ளிக்கோடாகச் சூரியப் பாதை இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டி, அட்டையில் இல்லாத, அதிகம் மினுக்காத ஒளி தெரிந்தால் கோள் என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ கண்ணைப் பறித்தால் வெள்ளி. அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, அதனால் நம் ஊரில் நள்ளிரவில் தெரியாது. நள்ளிரவில் அப்படி ஒளிர்ந்தால் பெரும்பாலும் வியாழன்.

கும்பகோணம்: நிலாவும் அட்டையில் இல்லை. எங்கே இருக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதா? அதுவே போதும். "இன்றைய நட்சத்திரம் ரோகிணி" என்றால் நிலா சூரியப் பாதையில் ரோகிணியின் பகுதியில் இருக்கிறது என்று பொருள். பாதையை 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) வீதம் 27 பங்காக்கிய கணக்கு அது. அட்டையில் ரோகிணியை (ஆல்டெபரான்) கண்டுபிடித்து, அதையொட்டிய பாதையில் நிலாவை வையுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். காலண்டரில் "மாலை 4.20 வரை" என்று இருந்தால் இரவில் அடுத்த நட்சத்திரம் வந்திருக்கும். இரண்டாவது, பெயர் கொடுத்த நட்சத்திரம் பாதைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை நாட்களில் நிலா அந்த நட்சத்திரத்துக்கு அருகிலேயே நிற்கும். சுவாதி (ஆர்க்டரஸ்) பாதைக்கு 31 பாகை வடக்கே இருக்கிறது. சுவாதி நாளில் நிலாவை அதன் பக்கத்தில் தேடினால் மூன்று முஷ்டி தள்ளிப் போய்விடுவீர்கள்.

புதுக்கோட்டை, பள்ளி ஆசிரியை: நாற்பது பிள்ளைகளுக்கு அட்டை செய்ய வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும்?

அட்சரேகையைக் கேட்டு வரைந்து தரும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் உள்ளன. 10 என்று கொடுங்கள். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் இரண்டு தாளையும் அச்சிடுங்கள். இதை மறந்தால் மணி வட்டமும் தேதி வட்டமும் பொருந்தாது, நாற்பதும் வீண்.

தட்டுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டை. மூடிக்கு ஓஎச்பி ஷீட் என்றால் ஜன்னல் வெட்டும் வேலையே இல்லை. லேசர் அச்சு நல்லது. இங்க்ஜெட் மை மார்கழிப் பனியில் கரைந்துவிடும். லேமினேட் செய்வதானால் வட்டமாக வெட்டியபின் செய்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு விட்டு நறுக்குங்கள், இல்லாவிட்டால் ஈரம் புகுந்து ஓரம் உரியும். நடு ஓட்டையை நேராகப் பஞ்ச் பண்ண வேண்டாம். துருவப் புள்ளியில் முதலில் குண்டூசியால் குத்தி, பிறகு பெரிதாக்குங்கள். 20 சென்டிமீட்டர் தட்டில் நடு 2 மில்லிமீட்டர் தள்ளினால் நேரம் 4, 5 நிமிடம் வரை தப்பும். அதுகூடப் பரவாயில்லை, தட்டு ஒரு பக்கம் உரசி நின்றுபோவதுதான் பெரிய தொல்லை. இணைக்கத் தையல் கடை டிச் பட்டன் அருமையாக உட்காரும்.

பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள். வடக்குப் பக்கத் தட்டைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் நட்சத்திரங்கள் கிழக்கு ஓரத்தில் தோன்றி மேற்கில் மறைய வேண்டும். பிறகு பிப்ரவரி 14 இரவு 8, ஜனவரி 15 இரவு 10, டிசம்பர் 15 நள்ளிரவு 12 என மூன்றையும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே வானம், ஓரியன் உச்சியை ஒட்டி வர வேண்டும். நட்சத்திரம் தினமும் 4 நிமிடம் முந்தி வருகிறது, மாதத்துக்கு 2 மணி நேரம். இந்தச் சோதனை அந்தப் பாடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

மதுரை: போன் திசைகாட்டி காட்டும் வடக்கு ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கிறது. துருவ நட்சத்திரமும் தெரியவில்லை.

மாடித் தளத்துக் கம்பியும் காந்தம் வைத்த போன் உறையும் முள்ளை இழுக்கும். தெருவில் இறங்கி, உறையைக் கழற்றி ஒரு தடவை பார்த்து, மாடிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். சூரியன் மறையும் இடத்தை மேற்கு என்று எடுத்தால் மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டித்தான் சரி. டிசம்பரில் 24 பாகை தெற்கே தள்ளி மறைகிறது.

துருவ நட்சத்திரம் மதுரையில் ஒரே ஒரு முஷ்டி உயரத்தில், சுமாரான ஒளியோடு இருப்பது. அதை நம்பி ஆரம்பிப்பது நம் ஊருக்குத் தோதுப்படாத வழி.

வேலூர்: டிசம்பர் 14 ஜெமினிட் எரிகற்கள் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

அட்டையே சொல்லும். அவை மிதுனத்தின் காஸ்டர் என்ற நட்சத்திரத்துக்கு அருகிலிருந்து பாய்வதுபோலத் தெரியும். தட்டைச் சுற்றி காஸ்டரைக் கிழக்கு ஓரத்தில் வையுங்கள். டிசம்பர் 14க்கு நேரே இரவு ஏழரை மணி வாக்கில் இருக்கும், அது உதிக்கும் நேரம். காஸ்டரை வடக்கு தெற்குக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் அதிகாலை 2 மணி, அதுதான் உச்சம். நள்ளிரவிலிருந்து மூன்று வரை படுத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை மேகம் விட வேண்டும், அதற்கு அட்டையில் வழி இல்லை.

காரைக்குடி: தாத்தா வைத்திருந்த ஐம்பது வருஷத்து அட்டை செல்லுமா?

தாராளமாக. அவ்வளவு காலத்தில் நட்சத்திரங்களின் இடம் முக்கால் பாகைகூட மாறாது. அட்சரேகையை மட்டும் பாருங்கள்.

சென்னை: போன் ஆப் இருக்கும்போது இது எதற்கு?

இந்த நிமிடம் தலைக்கு மேல் என்ன என்று கேட்டால் ஆப் போதும். மே மாதம் எது எப்போது எங்கே என்று திட்டமிட அட்டையை ஒரு திருப்பு திருப்பினால் போதும். அதோடு, இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகிறது, போன் திரை அதை ஒரு நொடியில் கெடுக்கும். அட்டையை வாசிக்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

தூத்துக்குடி: தென்சிலுவையைப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மார்ச்சில் இரவு 9 மணிக்குத் தெற்கே நேராக நின்றது. சரியா?

அது போலிச் சிலுவையாக இருக்கும். அட்டையை மார்ச் 20, இரவு 9க்கு வையுங்கள். தெற்குக் கோட்டில் வேலா, கரினா என்ற இரண்டு மண்டலங்களின் நட்சத்திரங்கள் சேர்ந்த பெரிய, மங்கலான சிலுவை நிற்கும். நிஜச் சிலுவை அப்போது தென்கிழக்கில் தாழ்ந்து, சாய்ந்து கிடக்கும். மே 15 இரவு 9க்குத் திருப்பினால் நிஜச் சிலுவை தெற்கே நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். உங்கள் ஊரில் ஏறக்குறைய இரண்டு முஷ்டி உயரம். அடையாளம், அதன் இடப்பக்கம் ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் சிலுவையைச் சுட்டிக்காட்டுவதுபோல நிற்கும். போலிக்கு அந்தக் காவலர்கள் இல்லை. கடற்கரையில் தெற்கு திறந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். அப்படியே வடக்கே திரும்பினால் சப்தரிஷியும் கவிழ்ந்த நிலையில் முழுதாக இருக்கும். 45 பாகை அட்டையில் இந்த இரண்டையும் ஒருசேரக் காண வழியே இல்லை.