ஒருவருக்கே இடம்

கேள்வி: போரில் விழுந்த விமானியை ஹெலிகாப்டரில் மீட்பது வியட்நாமில்தானே தொடங்கியது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை ஐயா, அதற்கு முன்பே பர்மாவில். 1944 ஏப்ரலில் ஜப்பானியர் பிடியிலிருந்த காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. விமானியோடு காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் மூவர். அமெரிக்கர் கார்ட்டர் ஹார்மன் ஓட்டிப்போன சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் அவரைத் தவிர ஒருவருக்கே இடம். வெக்கையில் காற்று லேசாகிவிடும், ஹெலிகாப்டர் எழும்பத் திணறும். (சயாம்–பர்மா ரயில் பாதை போட்ட என் தாத்தா, அந்த வெயிலில் மண்வெட்டிக் காம்பே வியர்வையில் வழுக்கும் என்பார்.) எஞ்சினும் கொதித்துவிட்டது. அன்று இரண்டு பேர், மறுநாள் இரண்டு பேர்.

வியட்நாமில் வந்தது, அடர்ந்த மரங்களுக்குள் கயிற்றில் இறக்கும் மடக்கு இருக்கை. விரித்து உட்கார்ந்து பட்டையை மாட்டினால் மேலே இழுத்துவிடுவார்கள்.