தயிர் டப்பாவிலும் ரோஸ் ரிப்பன்

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறேன். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று அக்டோபர் வந்தால் கால்பந்து வீரர்களின் ஷூ முதல் தயிர் டப்பா வரை ரோஸ் கலர். பார்த்தாலே எரிச்சல் வருகிறது. தப்பா?
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: தப்பே இல்லைம்மா. என் அக்கா நாலாவது கீமோ முடிந்து வந்த வாரம், ஒரு கடையில் ரோஸ் ரிப்பன் ஒட்டிய நெயில் பாலிஷை நீட்டினார்கள். கறுத்துப்போன நகங்களைக் காட்டி, "இதுல எங்க பூசறது?" என்றாள். விற்ற பெண் பாவம், முழித்தாள்.

விழிப்புணர்வுக்கு அடையாளமான அந்த ரிப்பன் முதலில் ரோஸே இல்லை, தெரியுமா? கலிஃபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி வீட்டிலேயே பீச் நிற ரிப்பன் செய்து அட்டையில் குத்தி விநியோகித்தார். அரசின் புற்றுநோய் ஆராய்ச்சி பட்ஜெட்டில் நோய்த் தடுப்புக்கு 5 சதவீதம்தான் போகிறது என்பது அவர் கோபம். செல்ஃப் பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டு வந்தபோது, வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். சரி என்று 1992இல் அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள்! அப்புறம் 2010இல் கேஎஃப்சி பொரித்த கோழியையே ரோஸ் பக்கெட்டில் விற்றது. பக்கெட்டுக்கு 50 சென்ட் நன்கொடையாம்.

சிட்னி கிரிக்கெட் டெஸ்ட் மைதானமும் ஜனவரியில் ரோஸாகிறது. அதில் மட்டும் எனக்கு எரிச்சல் இல்லை. திரளும் பணத்தில் கிரிக்கெட் வீரர் க்ளென் மெக்ராத்தின் அறக்கட்டளை நோயாளிகளுக்கு நர்ஸ் வைக்கிறது. உங்கள் தயிர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: யாருக்கு, எவ்வளவு என்று ஏதாவது போட்டிருக்கிறதா?