பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பண்பாட்டைத் திணித்தார்களா, நாமே ஆசைப்பட்டு மாறினோமா?

கேள்வியைவிட, கீழே ஒருவர் போட்டிருந்த பதில்தான் என்னை எழுத வைத்தது. "செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் வெள்ளைக்காரன் சிலை நிற்கிறது, அடிமைப் புத்திக்கு வேறென்ன சாட்சி வேண்டும்" என்கிறார். எங்கள் வீட்டு முகப்பிலும் துப்பாக்கி பிடித்த ரெண்டு சுதைச் சிப்பாய்கள் உண்டு. நடுவில் கஜலட்சுமி. அவளுக்குத்தான் அவர்கள் காவல். இதில் யார் அடிமை?

பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஐயாவின் படம் மாட்டியிருக்கிறது. ஐயா என்றால் எங்களுக்குத் தாத்தா. பர்மாவில், ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்தது. மேலே கோட்டு, டை. கீழே வேட்டி, வெறுங்கால். நெற்றி நிறையத் திருநீறு. கோட்டு ஸ்டூடியோக்காரருடையதாகத்தான் இருக்கும், கை விரல்நுனிவரை தொங்குகிறது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிக்குப் போய், பணப்பெட்டிக்கு முன்னால் பெட்டியடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தமிழில் பேரேடு எழுதிய மனுஷர் அவர். இங்கிலீஷுக்கு வக்கீலும் குமாஸ்தாவும் இருந்தார்கள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1835ல் மெக்காலே ஆங்கிலப் படிப்புக்கு வழிபோட்டார். 1844ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், சர்க்கார் வேலையில் ஆங்கிலம் படித்தவனுக்கே முன்னுரிமை என்றார். சம்பளத்தை நம்பியவன் மாறித்தான் ஆகவேண்டும். சொந்தக் கடை வைத்திருந்தவனுக்கு அது முகப்போடு நின்றது.

"வட்டிக்கு விட்டு பர்மாக்காரன் நிலத்தைப் பிடுங்கியவர்கள்தானே" என்று யாராவது வருவீர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ் பர்மா நெல்வயலில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இங்கே பேச்சு வேறு.

1942ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், கடை போயிற்று. அதற்கப்புறம்தான் அப்பச்சியை, என் அப்பாவை, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், எங்கேயாவது சம்பளத்துக்குப் போகட்டும் என்று. அவர் வேலைக்குப் போனபோது வெள்ளைக்காரனே மூட்டை கட்டியாயிற்று. ஆனால் எங்கள் வளவுக்குள், வீட்டு உள்கட்டுக்குள், இங்கிலீஷ் நுழைந்தது அப்போதுதான். அப்பச்சி என்னைத் தமிழில் திட்டி இங்கிலீஷில் மார்க் கேட்பார். திணித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

முகப்புச் சிலைக்கு இவ்வளவு கொதிக்கிறவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்குக் கதவும் தூணும் பிரித்துவந்து விலைக்கு நிற்பதைப் பார்த்து வாய் திறப்பதில்லை. போன வருஷம் எங்கள் வீட்டை வாடகைக்கு எடுத்த ஒரு ஷூட்டிங் கோஷ்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த சுவரில் வரிசையாக ஆணி இறக்கிவிட்டது. கேட்டால், "பழைய செவுருதானே சார்" என்கிறான். வாடகையைப் பிரிக்கும்போது பங்காளிகள் அத்தனை பேரும் வந்தார்கள். சுவரைப் பூசச் செலவாகும் என்றதும் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.