மூக்குத்தி எந்தப் பக்கம்?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தையே கரியில் வரைகிறாள். ஒரு நாள் அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி வருகிறது, மறுநாள் முப்பது வயசுக்காரி மாதிரி. ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. மனசில் ஏதாவது இருக்குமோ? கரியும் தாளில் பிடிக்க மாட்டேன் என்கிறது.
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அரை மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்து பாருங்கள், கன்னம் வலிக்கும். உற்றுப் பார்க்கும்போது புருவமும் இறுகும். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 22 வயதில், 1935இல் தீட்டிய 'மூன்று பெண்கள்' ஓவியத்திலும் யாரும் சிரிக்கவில்லை. பளிச்சென்ற உடை, தாழ்ந்த கண்கள், அவ்வளவுதான். சோகத்தைக் காட்ட உடைந்த பொம்மையோ கூண்டுக்கிளியோ வரையாமலே அந்த வயதின் பாரம் தெரிகிறது. சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால் மட்டும் மகளிடமே கேளுங்கள். படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வயசுக் குழப்பம் அளவில் இருக்கிறது. உச்சந்தலைக்கும் தாடை நுனிக்கும் நடுவே கோடு போடுங்கள். பெரியவர்களுக்குக் கண் அந்தக் கோட்டில் வரும், சின்னப் பிள்ளைகளுக்கு அதற்குக் கீழே. 14 வயதில் ஏறக்குறைய கோட்டுக்கு வந்துவிடும். தாடைதான் இன்னும் முழுதாக நீண்டிருக்காது. மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்குக் கறுப்பாகக் கோடு இழுத்தால் பத்து வயசு கூடிவிடும். அங்கே விரலால் லேசாகத் தேய்த்தால் போதும். வாசலில் உட்கார்ந்து வரையவும் கூடாது: மணலில் பட்டு மேலேறும் வெளிச்சம் தாடைக்கு அடியில் விழும் நிழலைத் தின்றுவிடும். வீட்டுக்குள், பக்கவாட்டில் ஒரே ஜன்னல் போதும்.

ஒரு வேடிக்கை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைச் சோப்பால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். எவ்வளவு தள்ளி நின்றாலும் அது நிஜ முகத்தில் பாதி அளவுதான் இருக்கும். இடது மூக்கிலுள்ள மூக்குத்தி படத்தில் வலது மூக்குக்குப் போய்விடும். "இது நம்ம புள்ள மாதிரியே இல்லையே" என்று நீங்கள் சொல்வது இதனால்தான். அவளுக்கோ தினமும் பார்த்துப் பழகிய முகம் அதுதான். திருத்தச் சொல்லாதீர்கள்.

கரிக்கு வருவோம். வழவழப்பான சார்ட்டில் கரி வழுக்கும். சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாள் (படம் வரையும் கெட்டித் தாள்), 150 ஜிஎஸ்எம் கனத்தில் வாங்குங்கள். கடல்காற்றில் நமத்துப்போன தாளில் கரி திட்டுத்திட்டாகப் படியும் என்பதால் தாளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். உங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சீமைக்கருவேலங்கரி கெட்டி, தாளைக் கீறும். காய்ந்த புளியங்குச்சியைப் பென்சில் கனத்தில் ஒடித்து, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் அடைத்து, துளையில் புகை நிற்கும்வரை நெருப்பில் வையுங்கள். முழுக்க ஆறுமுன் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும்.

முடித்த படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்; ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதச் சொல்லுங்கள்.