டிராஃப்ட் தேர்வுகளைக் கைமாற்றுவதன் நீண்டகால விலை

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில், நட்சத்திர வீரருக்காக வருங்கால டிராஃப்ட் தேர்வுகளை, அதாவது புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, கொடுப்பது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிசையில் பொதுவாக நலிந்த அணிகளுக்கே முன்னிடம் கிடைக்கும். கொடுக்கும் தேர்வின் மதிப்பு இன்றைய அணியின் பலத்தைப் பொறுத்ததன்று. அந்தத் தேர்வு பயன்படுத்தப்படும் ஆண்டில் அணி எவ்வளவு நலிந்திருக்கும் என்பதைப் பொறுத்தது. 2013இல் புரூக்ளின் நெட்ஸ், 37 வயதான கெவின் கார்னெட்டையும் 35 வயதான பால் பியர்ஸையும் பெறுவதற்காக, மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும், 2017இல் இரு அணிகளின் முதல் சுற்றுத் தேர்வுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டன் செல்டிக்ஸுக்குக் கொடுத்தது. பியர்ஸ் ஓராண்டிலேயே விலகினார். இருவரும் சேர்ந்து ஆடிக் கிடைத்தது பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டப் போட்டிகளில் ஒரே ஒரு தொடர் வெற்றி. 2016-17இல் 20 வெற்றி, 62 தோல்வி என்று நெட்ஸ் கடைசி இடத்தில் கிடந்தபோதும், அந்தத் தோல்விகளால் விளைந்த, டிராஃப்ட் வரிசையின் முதலிடத் தேர்வு, அந்த மாற்று உரிமையால் பாஸ்டனுக்கே போனது. பாஸ்டன் அதைப் பிலடெல்ஃபியா அணியிடம் கொடுத்து, மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமையும் கூடுதலாக ஒரு தேர்வையும் பெற்றது. முந்தைய ஆண்டின் நெட்ஸ் தேர்வில் வந்தவர் ஜேலன் பிரவுன். 2024இல் இவ்விருவரும் பாஸ்டனுக்கு என்.பி.ஏ. கோப்பையை வென்று தந்தனர். தேர்வு முன்வரிசையில் அமைந்தால் அது தமக்கே திரும்பும் என்ற பாதுகாப்பு நிபந்தனையைக்கூட நெட்ஸ் கேட்டுப் பெறாததையே நான் பெரும் பிழையாகக் கருதுகிறேன்.