பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலேயருடனான நூறாண்டுப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு, இருமுறை எதிரியிடம் சிறைப்பட்ட பெர்ட்ராண்ட் து கெக்லானைச் சிறந்த தளபதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

நீங்கள் சுட்டும் இரு தோல்விகளும் உண்மையே. 1364இல் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த போரிலும், 1367இல் ஸ்பெயினின் நாஹெரா போரிலும் அவர் பிடிபட்டு, பெரும் பணயத்தொகை கொடுத்தே மீட்கப்பட்டார். ஆனால் அவ்விரு களங்களிலும் இறுதி முடிவு அவர் கையில் இல்லை. முன்னதில் பிரிட்டனி உரிமைக்குப் போராடிய சார்லஸ் த புளுவாவும், பின்னதில் ஸ்பெயின் நாட்டு அரசான காஸ்டீலின் அரியணைக்குப் போட்டியிட்ட என்ரிக்கேயும் தலைமை வகித்தனர்.

அவரே முடிவெடுத்த களத்துக்கு 1364 மே மாதத்துக் கோஷ்ரெல் போர் நல்ல சான்று. பிரெஞ்சு மன்னரை எதிர்த்த நவார் அரசரின் படை குன்றின் மேல் நிலைகொண்டிருந்ததால், கீழிருந்து ஏறித் தாக்குவது ஆங்கிலேயரிடம் தோற்ற கிரெசி, புவாத்தியே போர்களில் பிரெஞ்சுப் பிரபுக்கள் செய்த அதே மடமையாக முடிந்திருக்கும். து கெக்லான் பின்வாங்குவதுபோல் பாலத்தை நோக்கிப் படையைத் திருப்பினார். துரத்திக்கொண்டு இறங்கியவர்களைச் சமதளத்தில் எதிர்கொண்டு முறியடித்தார். எதிர்த்தளபதி கப்தால் த பூஷ் சிறைப்பட்டார்.

சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவரை 1370இல் மன்னர் ஐந்தாம் சார்லஸ் நாட்டின் தலைமைப் படைத்தலைவராக்கினார். உயர்குடியினர் நிறைந்த அவையில் இது சாதாரணத் துணிச்சலன்று. பெரும் களப்போரைத் தவிர்த்து, கோட்டைகளை ஒவ்வொன்றாக மீட்பதே இருவரும் கடைப்பிடித்த உத்தி. 1373இல் ஆங்கிலேய இளவரசரான லங்காஸ்டர் கோமகன் ஜான் பிரான்சின் வடகரையிலுள்ள கலேயிலிருந்து தென்மேற்கிலுள்ள பொர்தோ வரை படைநடத்திச் சென்றபோது, பிரெஞ்சுப் படை நேருக்கு நேர் மோதாமல் பின்தொடர்ந்து, பிரிந்து செல்லும் சிறு குழுக்களை மட்டும் தாக்கியது. பசியும் குளிரும் மிச்ச வேலையைச் செய்ய, குதிரைகளில் பெரும்பகுதியை இழந்தே அந்தப் படை பொர்தோவை அடைந்தது. வழியில் எரிந்த கிராமங்களின் மக்கள் கொடுத்த விலை கொடியது என்பதையும் மறைக்கக் கூடாது.

1380 ஜூலையில் ஷாத்தோநஃப் த ராந்தோன் கோட்டை முற்றுகையின்போது அவர் நோயுற்று இறந்த வேளையில், ஆங்கிலேயரிடம் கலே, பொர்தோ, பயோன் போன்ற கடலோரப் பிடிகளும் அவற்றை ஒட்டிய பகுதிகளுமே எஞ்சியிருந்தன. மன்னர்களின் கல்லறைத் தலமான சான் தெனியில் அவருக்கு இடம் கிடைத்தது. பிறந்த பிரிட்டனியிலோ, தம் கோமகனுக்கு எதிராகப் பிரெஞ்சு மன்னர் பக்கம் நின்ற துரோகி என்று அவரைக் கருதுவோர் இன்றும் உண்டு.